சுழலும் சக்கரமும் நிற்கும் சக்கரமும்



ஒரு வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்கிறது. அவற்றுள் இரண்டு கெட்டியான தரையில் நிற்கின்றன. மற்ற இரண்டும் வழுக்கும் சேற்றில் நிற்கின்றன. ஓட்டுபவர் எஞ்சினை முடுக்குகிறார். சேற்றில் உள்ள சக்கரங்கள் பம்பரம்போலச் சுழல்கின்றன. கெட்டித் தரையில் உள்ளவையோ அசையவே இல்லை. வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை. பிடிப்பு உள்ள இடத்தில் சுழற்சி இல்லை; சுழற்சி உள்ள இடத்தில் பிடிப்பு இல்லை. இது என்ன விந்தை?

இவ்வினாவை என்னிடம் கேட்டவன் ஒரு கல்லூரி மாணவன். கேட்ட இடம் வகுப்பறை அன்று. பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள காரை என்னும் ஊரின் புறத்தே, மழையில் நனைந்து கிடந்த ஒரு வண்டிப்பாதை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்தில், எட்டு மாணவர்களை ஒரு பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அங்கே சென்றிருந்தேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் கிடந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். கடலுயிர்களின் உடல்கள் கல்லாகிப் படிந்த அடுக்குகளைக் காரையில் மழைநீர் அரித்து வெளிக்காட்டியிருக்கிறது. அருகே உள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளமான கல்மரம் ஒன்று கிடக்கிறது. இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை உலகுக்கு அறிவித்தார். இவற்றையெல்லாம் மாணவர்களுக்குக் காட்டவே போயிருந்தோம்.

பிற்பகலில் ஒரு மணி நேரம் மழை பெய்தது. திரும்பும் வேளையில் ஒரு மாணவன் ஓடைக்கரையில் சறுக்கி விழுந்தான். அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உடனே அவனைப் பெரம்பலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். மீண்டும் மழை பிடித்தால் ஓடையில் வெள்ளம் வந்துவிடும். இந்நிலையில், ஒரு சிறு மேட்டின் மீது ஏறும்போது ஜீப் நின்றுவிட்டது. இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் வழுவழுப்பான களிமண் தடத்தில் இருந்தன. வலப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் சரளைக்கற்கள் நிறைந்த கெட்டி ஓரத்தில் இருந்தன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் நெம்புகோலையும் போட்டுப் பார்த்தேன். இடச் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. வலச் சக்கரங்கள் வாளாவிருந்தன.

“ஐயா, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிறது என்றீர்களே! நல்ல தரையில் இருக்கும் சக்கரம் ஏன் உழைக்க மறுக்கிறது?” என்று அம்மாணவன் கேட்டான்.

பல ஆண்டுகள் இயந்திரவியல் கற்பித்தவன் நான். ஆயினும் அந்த வேளையில் தெளிவான விடை என் நாவில் எழவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி நேரே செல்லும்போது இருபுறச் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுகின்றன. திரும்பும்போது அவ்வாறில்லை. வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் செல்ல வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் அகலம் என்று கொள்வோம். தெருமுனையில் ஒரு செங்கோணத் திருப்பம் எடுப்பதற்குள் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.2 மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். மாட்டு வண்டியில் இதனால் தொல்லை இல்லை. அதன் சக்கரங்கள் அச்சின் மீது தனித்தனியே சுழல்பவை. ஆனால் மோட்டார் வண்டியில் அச்சே சக்கரத்தைச் சுழற்றுகிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபட வேண்டியதுதான். டயர் தேயும், தண்டு முறுக்குண்டு முறியும், வண்டியும் எளிதில் திரும்பாது.

இதற்கு விடையாக அமைந்த கருவியே டிஃபரன்ஷியல். 1820களில், நீராவி வண்டிகள் தோன்றத் தொடங்கிய காலத்திலேயே, ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதனை வண்டிக்கெனத் திட்டமிட்டார். பின் அச்சின் நடுவே குடம்போல் புடைத்திருக்கும் பகுதியை நீங்கள் லாரிகளில் பார்த்திருப்பீர்கள். அதனுள் இக்கருவி இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனுடன் ஒரு கூடு இணைந்து சுழல்கிறது. கூட்டினுள் ஓர் ஊசித்தண்டில் சிறிய பல்சக்கரங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. அவை இருபுறமும் உள்ள இரண்டு பக்கப் பல்சக்கரங்களைக் கவ்வி நிற்கின்றன. இடப்பக்கப் பல்சக்கரம் இடச் சக்கரத்தையும், வலப்பக்கப் பல்சக்கரம் வலச் சக்கரத்தையும் சுழற்றும். நேரே செல்லும்போது சிறிய பல்சக்கரங்கள் தம் ஊசித்தண்டில் சுழலாமல், கூட்டோடு ஒன்றாகச் சுற்றிவருகின்றன. திருப்பத்தில் அவை தாமும் சுழன்று, ஒரு பக்கத்தில் குறையும் வேகத்தை மறு பக்கத்தில் கூட்டிவிடுகின்றன. இரு சக்கரங்களின் வேகத்தின் சராசரி எப்போதும் கூட்டின் வேகத்துக்குச் சமமாகவே இருக்கும். ஆகவே ஒரு சக்கரம் முற்றிலும் நின்றுவிட்டால், மற்றது இரு மடங்கு வேகத்தில் சுழலும். சேற்றில் அகப்பட்ட சக்கரம் அவ்வளவு வெறியுடன் சுழல்வதன் காரணம் இதுவே.

வேகத்தைப் பங்கிடுவதில் இக்கருவி இவ்வளவு தாராளமாக நடந்துகொள்கிறது. முறுக்குவிசையைப் பங்கிடுவதில் அது மிகவும் கண்டிப்பானது. இரண்டு பக்கத்துக்கும் சமமாகவே கொடுக்கும். ஏன்?

நுகத்தடியை நினைத்துப் பாருங்கள். ஏர்க்காலின் நுனியில் நுகத்தின் நடுப்பகுதி ஒரே இடத்தில் தளர்வாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு காளைகளும் ஒத்து இழுத்தால் ஏர் நகரும். ஒரு காளை சோர்ந்து நின்றால், மற்றது எவ்வளவு முயன்றாலும் நுகம் அதன் பக்கமாக முன்னோக்கிச் சுழன்றுபோகுமே தவிர ஏர் நகராது. நடுவில் தாங்கப்பட்ட கோல் இருபுறமும் சம விசையையே ஏற்கும். வலிய காளையின் பலம் எளிய காளையின் பலத்தளவே பயன்படும். டிஃபரன்ஷியலில் உள்ள சிறிய பல்சக்கரமும் நடுவில் தாங்கப்பட்ட ஒரு கோலே. அது இரு பக்கப் பல்சக்கரங்களையும் சமமாகவே தள்ளும். சேற்றில் உள்ள சக்கரம் தரையை எவ்வளவு உந்த முடியுமோ, அவ்வளவே கெட்டித் தரையில் உள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும்.

எங்கள் ஜீப்பின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் இறங்கியபின் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் 400 கிலோ பாரம் என்று கொள்வோம். ஈரக் களிமண்ணில் உராய்வு பத்தில் ஒரு பங்கு என்றால், சேற்றில் உள்ள சக்கரம் 40 கிலோ எடைக்குச் சமமான விசையால் உந்தும். சரளையில் உராய்வு பத்தில் ஆறு பங்கு என்றால், அங்குள்ள சக்கரம் 240 கிலோ வரை உந்த வல்லது. ஆனால் டிஃபரன்ஷியல் சமமாகவே பங்கிடுவதால் அதற்கும் 40 கிலோவே கிடைக்கிறது. ஆக, ஓர் அச்சுக்கு 80 கிலோ. இரண்டு அச்சுகளுக்கும் சேர்த்து 160 கிலோ. 1,600 கிலோ எடையுள்ள வண்டி, எட்டடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஏறச் சுமார் 200 கிலோ விசை வேண்டும். சேற்றின் தடையையும் சேர்த்தால் 250 கிலோ என்று கொள்ளலாம். 160ஐக் கொண்டு 250ஐ வெல்வது எப்படி? எஞ்சினில் பலம் இல்லாமல் நாங்கள் நிற்கவில்லை. இருந்த பலம் தரையைச் சென்று சேர வழியில்லாமல் நின்றோம்.

இப்போது பின் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்துவிட முடியும் என்று கொள்வோம். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றே ஆக வேண்டும். சேற்றில் உள்ள சக்கரம் தன் 40 கிலோவைக் கொடுக்கும். சரளையில் உள்ளது 240 கிலோவையும் கொடுக்கும். பின் அச்சுக்கு 280. முன் அச்சின் 80ஐச் சேர்த்தால் 360. வண்டி மேடேறிவிடும்! இப்பிணைப்பையே டிஃபரன்ஷியல் பூட்டு என்கிறோம். பக்கப் பல்சக்கரங்களுள் ஒன்றைக் கூட்டுடன் கொக்கியிட்டுப் பிணைத்தால் போதும். சிறிய பல்சக்கரங்கள் சுழல முடியாமல் நின்றுவிடும். நுகத்தின் இரு முனைகளையும் ஏர்க்காலோடு கயிற்றால் இழுத்துக் கட்டி, நுகம் சுழலாதபடி செய்வது போன்றது இது.

எங்கள் ஜீப்பில் அந்தப் பூட்டு இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிறந்து, 1947 முதல் பம்பாயில் ஒன்றுசேர்க்கப்பட்டு நம் நாட்டில் பரவிய ஜீப்புகளின் வழிவந்த வண்டி அது. அதன் நெம்புகோல் முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றோடொன்று பிணைக்கும். ஓர் அச்சின் இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் பிணைக்காது. நான்கு சக்கர விசை வேறு, டிஃபரன்ஷியல் பூட்டு வேறு என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு டிராக்டர் அவ்வழியே வந்தது. அதன் ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். வண்டியை விட்டிறங்கி, தரையை ஒருமுறை நடந்து பார்த்தார். சங்கிலியால் ஜீப்பைப் பிணைத்து இழுத்தார். சற்றுத் தூரத்தில் டிராக்டரின் பின்சக்கரம் ஒன்றே வழுக்கிச் சுழலத் தொடங்கியது. அவர் உடனே கிளட்ச்சை மிதித்துச் சக்கரத்தை நிறுத்தினார். வலது காலருகே இருந்த ஒரு சிறு மிதியை மிதித்துக்கொண்டு, மெல்லக் கிளட்ச்சை விட்டார். இரு பெரிய சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்றன. ஜீப் மேடேறியது. கல்லூரியில் நான் படம் வரைந்து விளக்கிய பூட்டு அங்கே ஓர் உழவரின் காலடியில் இருந்தது. நம் ஊர்களில் ஓடும் டிராக்டர்களில் இது வழக்கமாக இருக்கும் உறுப்பு. ஆயினும் அதுவரை நான் அதனைக் கூர்ந்து பார்த்ததில்லை.

மேட்டின் உச்சியில் பாதை ஒரு வயல்வரப்பை ஒட்டி வளைகிறது. அங்கே அவர் டிராக்டரை நிறுத்தினார். மிதியிலிருந்து காலை எடுத்தார். உடனே முன்னே செல்லாமல், சிறிது பின்னோக்கி நகர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகே திருப்பினார். மாணவன் ஒருவன், “அண்ணே, ஏன் பின்னே போனீர்கள்?” என்று கேட்டான்.

“பூட்டு விட்டுவிட்டதா என்று பார்த்தேன், தம்பி. காலை எடுத்தாலும் சில நேரம் அது விடாது. என் தம்பி இப்படியொரு வளைவில்தான் வரப்பைத் தாண்டிப் பள்ளத்தில் கவிழ்ந்தான். பிழைத்தான், ஆனால் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பூட்டின் பற்கள் முறுக்குவிசையின் அழுத்தத்தால் ஒன்றையொன்று இறுகக் கவ்வி நிற்கும். அந்த அழுத்தம் தளரும்வரை, சுருள்வில் இழுத்தாலும் அவை பிரியா. பூட்டிய அச்சில் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல்வதால் வண்டி நேரே செல்லவே முயலும். ஓட்டுபவர் திருப்புவளையைத் திருப்பினாலும், முன்சக்கரங்கள் மண்ணில் சறுக்கிக்கொண்டு முன்னேதான் போகும். பரந்த வெளியில் அது தொல்லை. வரப்பு ஓரத்திலோ மரணத்துக்கே வழி. சேற்றிலிருந்து மீட்பதும் பள்ளத்தில் தள்ளுவதும் ஒரே கொக்கியே.

ஆகவே, இப்பூட்டைப் பயன்படுத்தும் முறையைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். மண்சாலைகளில் வண்டி ஓட்டப்போகும் இளைஞர்களுக்கு இது பயன்படும்.

பூட்டைச் சேற்றுக்குள் இறங்கும் முன்பே போட வேண்டும். வண்டி நிற்கும்போதோ நடைவேகத்தில் ஊரும்போதோ போடுவது நலம். ஒரு சக்கரம் வெறியுடன் சுழல்கையில் போட்டால், வேறுபட்ட வேகங்களில் ஓடும் பற்கள் ஒன்றையொன்று மோதி உடையும். தவறிச் சுழலத் தொடங்கிவிட்டால், அந்த டிராக்டர் ஓட்டுநரைப்போல் முதலில் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் போட வேண்டும்.

போட்டபின் இயன்றவரை நேரே செல்ல வேண்டும். தாழ்ந்த கியரில், சீரான வேகத்தில் சென்றால் போதும். பிடிப்புள்ள ஒரே சக்கரத்தின் தண்டு, அச்சு முழுவதன் முறுக்குவிசையையும் ஏறக்குறையத் தனியே தாங்க நேரும். திடீரென முடுக்கினால் தண்டு முறியும்.

முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் பூட்டு உள்ள வண்டிகளும் உண்டு. நம் நாட்டில் செய்யப்படும் கூர்க்கா வண்டி அத்தகையது. அவ்வண்டிகளில் முதலில் பின் பூட்டையே போட வேண்டும். முன் பூட்டைப் போட்டால் திருப்புவளை மிகவும் கனத்துவிடும். அது கடைசி முயற்சியாகவே இருக்க வேண்டும்.

பக்கவாட்டில் சரிந்த வழுக்குநிலத்தில் பூட்டைத் தவிர்ப்பதே நன்று. பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் சுழன்றாலும், சுழலாமல் நிற்கும் மற்றொன்று வண்டியைப் பக்கவாட்டில் சரியாமல் பற்றிக்கொள்ளும். பூட்டினால் இரண்டும் சேர்ந்து வழுக்கக்கூடும். அப்போது வண்டியின் பின்புறம் சரிவை நோக்கி நழுவும்.

கெட்டித் தரை வந்ததும் பூட்டை உடனே நீக்க வேண்டும். எங்கள் ஜீப்பில் உள்ளது போன்ற நான்கு சக்கர விசை நெம்புகோலையும் தார்ச்சாலையில் விடுவித்துவிட வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியில் ஓடுபவை. முன் அச்சும் பின் அச்சும் பிணைந்து நின்றால், தாராத தரையில் தண்டுகள் முறுக்கேறும். சேறும் சரளையும் சற்றே வழுக்கிக்கொடுத்து அம்முறுக்கைத் தளர்த்தும், தார்ச்சாலை தளர்த்தாது.

பூட்டு இல்லாத வண்டியில் வழி ஏதும் இல்லையா? ஒரு சிறு வழி உண்டு. சக்கரம் சுழலும்போது கைப்பிரேக்கை மெல்லப் பிடித்தால், பின்சக்கரங்களில் இயங்கும் பிரேக்காக இருப்பின், வீணே சுழலும் சக்கரத்துக்கு ஒரு தடை உண்டாகிறது. அத்தடையை வெல்ல அதற்கு அதிக முறுக்குவிசை செல்லும். டிஃபரன்ஷியல் இரு புறமும் சமமாகவே கொடுப்பது அன்றோ? எனவே நிற்கும் சக்கரத்துக்கும் விசை கூடுகிறது. அதன் பிரேக்கும் சிறிது தடுக்குமாதலால் ஆதாயம் குறைவே. எனினும் சிறு தடைகளில் பயன்படும். டிராக்டரில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிப் பிரேக்குகள் இருப்பதால், சுழலும் சக்கரத்தை மட்டுமே தடுக்கலாம். இன்றைய கார்கள் பலவற்றில் மின்னணுக் கருவி எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று உணர்ந்து, அதன் பிரேக்கைத் தானே பிடிக்கிறது. தத்துவம் ஒன்றே.

ஆனால் எந்தக் கருவிக்கும் முன்னதாக வேண்டுவது மண்ணை அறியும் கண். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஒரு வண்டிப்பாதை சிறிது தூரத்துக்குள்ளேயே பலமுறை தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் நிலம் கோடையில் வெடித்துக் கல்போல் இறுகியிருக்கும். அதன் களித்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பவை. ஆகவே ஒரு மழை பெய்தால் அதே நிலம் டயரின் வெட்டுப்பள்ளங்களை எல்லாம் அடைத்து, சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். காரைப் பக்கத்துக் களிமண்ணும் அவ்வாறே. அதற்கு அடுத்தாற்போல் சுண்ணாம்புக்கல் தலைகாட்டினால் பிடிப்பு மிகுதி. ஓடையில் மணல் வந்தால் சக்கரம் புதையும். ஒரு சக்கரம் களியிலும் மற்றது கல்லிலும் நிற்கும் இடங்கள் இங்கே ஏராளம். பூட்டு மிகவும் பயன்படுவதும் அங்கேதான். அடுத்த அடியிலேயே அதை நீக்க வேண்டியிருப்பதும் அங்கேதான். அந்த ஓட்டுநர் சங்கிலியைத் தொடுவதற்கு முன் தரையை நடந்து பார்த்ததன் பொருளை நான் பின்னரே உணர்ந்தேன். இரு சக்கரங்களும் ஒருசேரச் சேற்றில் நின்றால், பூட்டியும் பயனில்லை. 40உம் 40உம் 80தான். அதை அவர் காகிதத்தில் எழுதிப் பார்க்கவில்லை. காலால் மிதித்து அறிந்துகொண்டார்.

அன்று மழைக்கு முன் ஓடையைக் கடந்து, இரவு எட்டு மணிக்குப் பெரம்பலூரை அடைந்தோம். மாணவனின் மணிக்கட்டில் எலும்பு விரிந்திருந்தது. கட்டுப்போட்டு, நாளடைவில் குணமாயிற்று.

மாணவர்களே, ஒரு சிறு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊர்ப் பட்டறையில் பின்சக்கரங்களுக்கு விசை செல்லும் வண்டி ஒன்றின் பின்சக்கரங்கள் இரண்டையும் தரையைவிட்டுத் தூக்கி, முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் வேளையில், மெக்கானிக்கின் அனுமதியோடு அருகே செல்லுங்கள். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். வண்டி கியரில் இருக்க வேண்டும். கைப்பிரேக் தளர்ந்திருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். மற்றொன்று பின்னோக்கிச் சுழலும். கூடு நிற்கிறது, ஆகவே இரு வேகங்களின் சராசரி சுழியாக இருக்க வேண்டும் அல்லவா? அந்த வண்டியில் பூட்டு இருந்தால், அதைப் போடச் சொல்லி மீண்டும் முயன்று பாருங்கள். எந்தச் சக்கரமும் அசையாது. நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியும் முழுதாக உணராத ஒன்று, அப்போது உங்கள் கைகளுக்கு விளங்கும்.